பூதம் கட்டிய குளம்



திருகோணமலைப் பட்டினத்திலிருந்து தென்மேற்கே இருபத்தைந்து மைலளவில் கந்தளாய்க் குளம் இருக்கின்றது. குளம் என்று நாம் சொல்கின்றோமேயன்றி, காற்றுக் காலத்தில் அதன் கட்டின்மேல் நிற்பவருக்கு அது கடலின் ஒரு துண்டு போலவே தோன்றும். கட்டின் நீளம் ஏறத்தாழ 14,000 அடி. உயரம் 50 அடி. இயந்திரம் ஏதும் இல்லாத காலத்தில், கூடையும் மண்வெட்டியும் கொண்டு இத்தனை மண்ணைக் குவித்தவர் யாவர்? தம்பலகாமத்து வயல்வெளியில் ஒரு முதியவரை மறித்து இவ்வினாவைக் கேட்டால், அவர் சற்றும் தயங்கமாட்டார். "குளக்கோட்டு மகாராசா பூதங்களை ஏவிக் கட்டுவித்தார்" என்பார்.

இவ்விடையைக் கேட்டு எமது மேல்வகுப்பு மாணவர் நகைப்பதுண்டு. ஆசிரியர் சிலரும் நகைப்பர். யான் நகைப்பதில்லை. பூதம் மண் சுமந்தது என்று நம்புவதனால் அன்று. அந்த விடைக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கின்றது என்று எண்ணுவதனாலேயே. இன்றைய பேச்சிலே அதனைச் சிறிது துருவிப் பார்ப்போம். அதற்கு அயர்லாந்துத் தேசம் வரை ஒருமுறை போய்வரவும் நேரிடும்.

முதலில் ஏடுகளும் கற்களும் கூறுவதைக் கேட்போம். இக்குளத்தை ஆக்கியவன் கி.பி. 604 முதல் 614 வரை அரசாண்ட இரண்டாம் அக்கபோதி என்று மகாவம்சத்தைக் கொண்டு ஆய்வாளர் கூறுவர். பின்னர் கந்தளாய் பிராமணர் குடியிருப்பாக விளங்கிற்று. முதலாம் விசயபாகுவின் நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட பாலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு, நங்கைசானி என்னும் பிராமணக் கைம்பெண் தன் கணவன் நன்மையின் பொருட்டு அங்குள்ள சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்லுகின்றது. குளக்கோட்டனோ கல்லில் அன்று, கவிராசவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு என்னும் நூலிலே வாழ்கின்றான். சோழ நாட்டிலிருந்து வந்தான், கோணேசர் கோயிலைத் திருத்தினான், ஆடகசவுந்தரியை மணந்தான், குளங்கட்டினான் என்பது அவன் கதை. குளமும் கோட்டமும் அமைத்தவன் ஆதலின் குளக்கோட்டன் எனப் பெயர் பெற்றான் என்பர். திருகோணமலைக் கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனத் துண்டொன்று, சோடகங்கன் என்பவன் சக ஆண்டு 1145 இல், அதாவது கி.பி. 1223 இல், இலங்கைக்கு வந்ததைக் குறிக்கின்றது. அவனே குளக்கோட்டன் என்று கருதும் அறிஞரும் உளர். அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது பூதம்.

பூதம் வேறு, பேய் வேறு. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒருபோதும் மயங்கக் கொண்டாரல்லர். பேய் அலைந்து திரிவது, பசித்திருப்பது, ஒருவரைப் பற்றிக்கொண்டு வருத்துவது. பூதமோ ஓரிடத்தில் நிறுத்தப்படுவது. அதற்கு ஒரு பணி உண்டு. ஒரு தலைவன் உண்டு. உரிய படையலும் உண்டு. சிலப்பதிகாரம் படித்த நேயர்களுக்குப் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் நினைவிருக்கும். தவவேடத்தில் மறைந்து தீயொழுக்கம் புரிவோரையும், பொய்ச்சாட்சி சொல்வோரையும், பிறர்மனை நயப்போரையும் பாசத்தாற் கட்டிப் புடைத்துண்ணுவது அதன் தொழில். அதே நகரின் நாளங்காடியிலும் ஒரு பூதம் காவல் நின்றது. அரசனுடைய காவலர் கண்ணுக்கு அகப்படாத குற்றம் எதுவோ, அது பூதத்தின் பார்வைக்கு விடப்பட்டது. இதுவே அதன் இலக்கணம்.

எமது அயலவரான சிங்கள மக்களின் பழமையிலும் இதே செய்தி உண்டு. பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தை அமைத்தபோது, தனக்குத் துணைநின்ற சித்திரராசன் என்னும் இயக்கனை அபய வாவியின் கீழ்ப்புறத்தில் இருத்தினான் என்று மகாவம்சம் கூறும். மின்னேரியாக் குளத்தைக் கட்டிய மகாசேனனை அப்பகுதி மக்கள் மின்னேரித் தெய்வமாகவே வணங்கி வந்துள்ளனர். நீர் எங்கே தேக்கப்படுகின்றதோ அங்கே ஒரு காவல் நிற்கின்றது. மொழியும் சமயமும் மாறினும் இது மாறவில்லை.

ஏன் அவ்வாறு? குளக்கட்டு என்பது எத்தகைய பொருள் என்பதைச் சிந்தித்தால் விளங்கும். அதன் கீழே பல்லாயிரம் ஏக்கர் வயல். வயலின் நடுவே ஊர்கள். கட்டிலே ஒரு முழ அகலத்தில் ஒருவன் இரகசியமாக மண்ணெடுத்தால், அன்று ஒன்றும் நிகழாது. அடுத்த மாரியில், ஒரு நள்ளிரவில், அந்த ஒரு முழமே போதும். அக்குற்றத்தைச் செய்தவனைக் கண்டுபிடிக்கவும் இயலாது. கோணேசர் கல்வெட்டு, தானத்தார்க்கும் வரிப்பத்தார்க்கும் வன்னிபத்துக்கும் இன்ன இன்ன தொழும்பு என்று ஒழுங்காக வகுத்துரைக்கின்றது. பகலில் மனிதர் செய்யும் வேலைக்கெல்லாம் ஆள் நியமிக்கப்பட்டது. இரவில், மழையில், ஆளில்லாக் காட்டில், இரண்டரை மைல் நீளக் கட்டை யார் காப்பது? அந்த உத்தியோகத்திற்குப் பூதத்தை நியமித்தார்கள். சம்பளம் ஆண்டுக்கொரு வேள்வி.

குளக்கட்டிலே மண்வெட்டி போடாதே, கட்டின்மேல் மாட்டை விரட்டி ஏற்றாதே, துருசுப் பக்கம் இருளிற் போகாதே, அங்கே காவல் இருக்கின்றது என்று எமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். எமக்கு அப்போது அது வெறும் அச்சுறுத்தலாக இருந்தது. நீர்ப்பாசனம் பற்றிய நூல்களைப் பிற்காலத்திற் படித்தபோது, அம்மூன்று விலக்குகளும் அவற்றிலே வேறு நடையில் எழுதப்பட்டிருக்கக் கண்டேன்.

இனி அயர்லாந்துக்குப் போவோம். போவதற்கு வழி கந்தளாயிலிருந்தே தொடங்குகின்றது. 1872 முதல் 1877 வரை இலங்கையில் தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிரகரி, அயர்லாந்தின் கால்வே மாவட்டத்துக் கூல் என்னும் ஊரினர். கொழும்பு நூதனசாலையை நிறுவியவரும், வடமத்திய மாகாணத்தைப் பிரித்தமைத்தவரும் அவரே. பழைய குளங்களைத் திருத்துவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1870களில் திருத்தம் பெற்ற பெருங்குளங்களுள் கந்தளாயும் ஒன்று. பூதம் கட்டிய குளத்தின் பழுதை அயர்லாந்துக்காரர் காலத்திற் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் ஊர் திரும்பிய பின் 1880 இல் மணந்துகொண்ட அம்மையார் அகஸ்தா கிரகரி. கணவர் 1892 இல் மறைந்த பின், இவ்வம்மையார் ஐரிஷ் மொழியைக் கற்றுக்கொண்டு, தம் ஊரைச் சூழ்ந்த ஏழைகளின் குடிசைகளுக்குப் போய், அவர்கள் நம்பிய சிறு தேவதைகளைப் பற்றிய கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். கவிஞர் யேட்சு அவருக்கு உற்ற துணைவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த அக்கதைகள் 1920 இல் நூலாக வெளிவந்தன. குளத்தைத் திருத்தியவர் கணவர். கதையைத் திரட்டியவர் மனைவி. அம்மையார் கந்தளாய்க் கட்டில் வந்து நின்று ஒரு தம்பலகாமத்துக் கிழவியோடு உரையாடியிருந்தால், இருவரும் ஒருவரையொருவர் எளிதில் விளங்கிக்கொண்டிருப்பர்.

அந்நாட்டு மக்கள் தேவதைகளை 'ஷீ' என்பர். மண்மேடு என்பதே அச்சொல்லின் பொருள். மேட்டுக்குள் வாழ்வோர் ஆதலின் அப்பெயர். ஆனால் பெயரைச் சொல்லி அழைப்பது ஆகாது. 'நல்லவர்கள்' என்றே குறிப்பிடுவர். இதனை எமது நேயர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இரவிலே பாம்பைக் 'கயிறு' என்றும், கொப்புள நோயை 'அம்மாள்' என்றும் சொல்லும் வழக்கம் உடையவர் நாம். பழங்குடும்பங்களில் ஒருவர்க்குச் சாவு நெருங்கும்போது வெளியே நின்று அலறும் பெண்ணுருவைப் பான்ஷி என்பர். நம்மிடம் அவ்வேலையைச் சாக்குருவி செய்கின்றது. பொற்குடம் ஒளித்து வைத்திருக்கும் குள்ளச் சக்கிலியன் ஒருவன் உண்டு. அவன் பெயர் லெப்ரகோன். புதையல் காக்கும் எம் பூதத்தோடு ஒப்பிட்டால் அவன் விளையாட்டுப்பிள்ளை. எம் பூதம் பலி கேட்கும்.

அத்தேவதைகள் யாவர் என்பதற்கு அவர்களின் பழைய ஏடுகள் சொல்லும் விடை சுவையானது. துவாஹா டே டானன் என்னும் ஓரினத்தார் முன்பு அயர்லாந்தை ஆண்டனர். கடல் கடந்து வந்த மக்களிடம் போரிலே தோற்றனர். நிலத்தின் மேற்பரப்பை வென்றவருக்குக் கொடுத்துவிட்டு, மேடுகளுக்குள்ளே புகுந்துகொண்டனர் என்பது கதை. இதைப் படிக்கும் இலங்கையருக்கு வேறொரு கதை மனத்தில் எழாமற் போகாது. விசயன் வந்திறங்கியபோது இங்கே இருந்தோர் இயக்கரும் நாகரும் என்று ஏடுகள் கூறுகின்றன. குவேனி இயக்கி எனப்பட்டாள். அவள் நூல்நூற்றுக்கொண்டிருந்தாள் என்றும் அந்த ஏடே சொல்லுகின்றது. நூல்நூற்கும் இயக்கி! வென்றவர் எழுதும் வரலாற்றில் தோற்றவர் மனிதராக இருக்க அனுமதிக்கப்படுவதில்லை; தேவதையாகவோ இயக்கராகவோ ஆகிவிடுகின்றனர் என்று கருதும் அறிஞர் பலர். அக்கருத்தையே யானும் ஏற்கின்றேன்.

அயர்லாந்து முழுவதும் வட்டமான மண்ணணை சூழ்ந்த பழைய குடியிருப்புகள் உண்டு. பெரும்பாலும் கி.பி. 500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்து உழவர் மனைகள் அவை. மக்களோ அவற்றைத் தேவதைக் கோட்டைகள் என்றனர். கலப்பை அங்கே போகாது. ஒரு மரக்கிளையும் வெட்டப்படாது. விளைவு யாதெனில், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட அத்தகைய இடங்கள் இன்றும் அடையாளங் காணக்கூடியனவாக இருக்கின்றன. தொல்பொருட் சட்டம் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டு முன்னரே தேவதைகள் அச்சட்டத்தை நடத்தி வந்தன என்றால் மிகையாகாது. 1999 இல், கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்னுமிடத்திற் பெருவீதி அமைக்க முற்பட்டபோது, அங்கு நின்ற ஒரு முட்செடி தேவதைகள் கூடுமிடம் என்று எடி லெனிகன் என்னும் கதைசொல்லி வாதாடினார். செடி காப்பாற்றப்பட்டது, வீதி அதனை விட்டு விலகிச் சென்றது.

எம் நாட்டில் நிலைமை வேறு. புதையற் பூதத்தின் அச்சம் தேய்ந்தது. ஆசை மட்டும் தேயவில்லை. புதையல் தோண்டுவோர் பழைய விகாரைகளையும் கோயில் மேடுகளையும் கிளறி அழித்த செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் ஏட்டில் இருக்கின்றது. காட்டு நடுவில் இரவிலே அதற்குக் கண்ணில்லை.

கந்தளாய்க்கு என்ன நேர்ந்தது? 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆம் நாள் விடியுமுன் கட்டு உடைத்தது. யான் அப்பொழுது பாடசாலை மாணவன். நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே வெள்ளத்தால் வாரிச் செல்லப்பட்டனர். ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஏக்கர் வயல் மண்மேடாயிற்று. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரமும் ஆகவில்லை. கட்டின்மேல் பாரமான வாகனங்கள் ஓடியமையும் காரணங்களுள் ஒன்று என்று பின்னர்ச் சொல்லப்பட்டது. எமது ஊர்ப் பெரியவர்களோ, "காவல் விட்டுப் போயிற்று" என்றனர். அக்காலத்தில் எனக்கு அச்சொல் எரிச்சலை ஊட்டிற்று. செத்தவர் உடலங்கள் வயலிற் கிடக்கப் பூதத்தைப் பேசுகிறார்களே என்று. இன்று அதனை வேறுவிதமாகக் கேட்கின்றேன். மாட்டையே ஏற்றக்கூடாது என்றிருந்த கட்டில் எதையெல்லாம் ஏற்றினோம் என்பதே அதன் பொருள். பூதம் போனபோது அதன் உத்தியோகம் வெறுமையாயிற்று. அவ்விடத்திற்கு அதே விழிப்போடு வேறொருவர் அமர்த்தப்படவில்லை.

இதனாற் பழைய நம்பிக்கை யாவும் நன்று என்று யான் சொல்ல வந்ததாக நேயர்கள் கொள்ளலாகாது. 1895 மார்ச்சு மாதம், அயர்லாந்தின் திப்பரேரி மாவட்டத்தில், பிரிஜெற் கிளியரி என்னும் இளம்பெண் நோயுற்றாள். தன் மனைவியைத் தேவதைகள் கொண்டுபோய்விட்டன, இருப்பவள் மாற்றுருவம் என்று கூறி, அவள் கணவன் உறவினர் முன்னிலையில் அவளைத் தீயிலிட்டுக் கொன்றான். நீதிமன்றம் அவனுக்கு இருபதாண்டுச் சிறை விதித்தது. பேயோட்டுதல் என்ற பெயரால் எம் பெண்கள் பட்ட வேப்பிலையடியும் பிரம்படியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இடத்தைக் காக்கும் நம்பிக்கைக்கும் ஆளைப் பற்றும் நம்பிக்கைக்கும் இடையே நம் முன்னோர் கண்ட வேற்றுமையை யான் முன்னர்க் குறிப்பிட்டதன் காரணம் இதுதான்.

பூதக்கதைமேல் எனக்கு இன்னுமொரு குறையுண்டு. அது கூலியாளை மறைத்துவிடுகின்றது. அக்கட்டின் ஒவ்வொரு கூடை மண்ணும் ஒரு மனிதத் தலையின்மீது ஏறியே வந்தது. அவர்கள் ஊர் எது, எத்தனை பேர், காட்டுக் காய்ச்சலில் எத்தனை பேர் மாண்டனர் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. அரசன் பெயர் நின்றது. பூதத்தின் பெயர் நின்றது. நடுவே இருந்தவன் போனான்.

மேனாட்டார் நமது கதைகளை மூடநம்பிக்கை என்று எழுதினர். ஆனால் அவர்களும் எமது துறைமுகத்தில் ஒரு கதையை விட்டுச் சென்றனர். சுவாமிமலையில் ஒல்லாந்து மொழி பொறித்த தூணொன்று உண்டு. பிரான்சினா வான் ரீட் என்னும் பெண்ணின் பெயரும், 1687 ஏப்பிரல் 24 என்னும் நாளும் அதிற் காணப்படும். காதலன் கைவிட்டுக் கப்பலேறவே, அவள் அம்மலையினின்று கடலிற் குதித்து மாண்டாள் என்பது கதை. பெல்பாஸ்ற் நகரிற் பிறந்து, 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் ரெனன்ற், தம் நூலிலே இக்கதையை உருக்கமாகச் சொல்லிப் பரப்பினார். அவரும் அயர்லாந்துக்காரர், கதை என்றால் அவருக்கும் ஆசை விடவில்லை போலும். உண்மை என்ன? அப்பெண்ணின் வளர்ப்புத் தந்தை, மலையாளத்து மூலிகை நூலாகிய ஹோர்த்துஸ் மலபாரிக்குசை ஆக்குவித்த வான் ரீட். அவர் 1691 இற் கடலில் இறந்தபோது, அவருடைய உடலைச் சூரத்தில் அடக்கஞ்செய்ய உடனிருந்தவள் இதே பிரான்சினா. குதித்து மாண்டவள் நாலாண்டின் பின் தந்தைக்கு ஈமக்கடன் செய்தாள்! எனினும் இன்றும் சுற்றுலா வருவோருக்குக் 'காதலர் பாய்ச்சல்' என்றே அவ்விடம் காட்டப்படுகின்றது. அதே ரெனன்ற், மன்னார்க் கடலிற் கண்ட கடற்கன்னியர் கதைகளுக்கு மூலம் ஆவுளியா என்னும் கடற்பசுவே என்று நிதானமாக எழுதியவர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

கதை பொய்த்த இடத்தைச் சொன்னேன். மெய்த்த இடமும் அதே மலையடியில் இருக்கின்றது. போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதாந்தீனு த சா 1624 இல் கோணேசர் கோயிலை இடித்துத் தள்ளினான். கோயில் கடலுக்குள்ளே கிடக்கின்றது என்று எம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். அது வெறுங்கதை என்று எண்ணியோர் பலர். 1950 இல், பட்டினத்திற் கிணறு தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளாக்கும் சுவாமிமலையடியில் மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கடலடியிற் கண்டனர். கிழவிகள் சொன்ன இடத்திலேயே அவை கிடந்தன. 1963 மார்ச்சு 3 ஆம் நாள் மலையுச்சியில் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு அயர்லாந்து செய்த காரியங்களுள் மிகவும் பொறாமை ஊட்டுவது ஒன்றுண்டு. 1935 இல் அந்நாடு ஒரு நாட்டார் வழக்காற்று ஆணைக்குழுவை அமைத்தது. 1937க்கும் 1939க்கும் இடையில், ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் மேல்வகுப்புப் பிள்ளைகள், தத்தம் வீட்டு முதியவரிடம் கேட்ட கதைகளைக் கொப்பிகளில் எழுதி ஒப்படைத்தனர். தேவதைக் கோட்டை எங்கே உள்ளது, அதில் யார் என்ன கண்டார், எந்தக் கிணற்று நீர் எந்த நோய்க்கு நல்லது என்று எழுதிய பக்கங்கள் 740,000 வரையில். பெரும் பொருட்செலவு தேவைப்படவில்லை. கட்டுரைப் பாடவேளையை அதற்குக் கொடுத்தனர், அவ்வளவே.

எமது மாவட்டத்திலோ போரும் இடப்பெயர்வும் முப்பது ஆண்டுகளை விழுங்கிவிட்டன. ஊர் பெயர்ந்தவர் பானையைத் தூக்கினர், பிள்ளையைத் தூக்கினர். குளத்தங்கரைக் கதையை யார் தூக்குவது? இக்கதைகளைத் தாமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தன் தாய்க்குக் கடன்செய்யத் தோற்றுவித்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே எந்தக் கிணற்றில் முதலில் நீர் மொள்ளவேண்டும், ஏன் என்பதைச் சொல்லத்தக்கவர் எத்தனை பேர்?

இரண்டாண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கந்தளாய்க் குளத்தைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வருமாறு சொன்னோம். முப்பத்தொரு கொப்பிகள் வந்தன. பலவற்றில் ஒரே கதை: இரவு முழுவதும் பூதங்கள் மண் சுமந்தன, சேவல் கூவிற்று, கூடைகளைப் போட்டது போட்டபடி ஓடிவிட்டன, அம்மண்ணே குளத்தருகே நிற்கும் மேடு. ஒரு பெண்பிள்ளை மட்டும் தன் பூட்டியாரை மறித்து ஒரு குறுக்குக்கேள்வி கேட்டிருக்கின்றாள்: பூதங்களுக்குக் கூலி என்ன கொடுத்தார்கள்? பூட்டியார் சொன்ன விடையை அப்படியே எழுதியிருந்தாள். வயிறாரச் சோறு போடுவதாகத்தான் பேச்சு. சோறு வேகுமுன் சேவல் கூவிவிட்டதாம். அக்கொப்பியை அலுமாரியில் எடுத்து வைத்திருக்கின்றேன்; அவள் தன் பேரனாரிடமும் கேட்டு எழுதிய மற்றப் பக்கம் இனித்தான் வரவேண்டும்.